ஆங்கில வகுப்பில் பிள்ளைகள் தாமே படிக்க, தாமே எழுத

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

காரைக்குடி வட்டாரத்தில் அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். பொதுத் தேர்வு முடிவுகள் வரும்போதெல்லாம் ஆங்கிலத்தில் எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேர் நூற்றுக்கு நூறு வாங்கினார்கள் என்று எல்லாரும் பேசுகிறோம். தேறிய அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் முன்பின் பார்த்திராத ஒரு பக்க ஆங்கிலத்தைத் தாமே படித்துப் புரிந்துகொள்வார்கள், எத்தனை பேர் தம் வீட்டைப் பற்றிப் பத்து வரி தாமே எழுதுவார்கள் என்று கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

என் பணிக்காலத்தின் நடுவில் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். உன் பகுதியிலுள்ள ஒரு குறையைச் சுட்டிக்காட்டி நாளிதழ் ஆசிரியருக்குக் கடிதம் எழுது என்பது ஒரு கேள்வி. நாற்பத்திரண்டு தாள்களில் முப்பத்தேழில் ஒரே கடிதம் இருந்தது. தெருவிளக்கு எரியவில்லை, இருட்டில் முதியவர்கள் நடக்க முடியவில்லை, திருட்டுப் பயம் இருக்கிறது, ஆவன செய்ய வேண்டுகிறேன். பத்தி பிரித்த இடங்களும் ஒன்று, சொற்களும் ஒன்று. கடையில் விற்கும் ஒரு கைடில் அச்சுப்பிழையாக விடுபட்டிருந்த ஓர் எழுத்து, முப்பத்தேழு தாள்களிலும் அதே இடத்தில் விடுபட்டிருந்தது. அந்த வாரம் எங்கள் பள்ளி வாசலுக்கு எதிரே குடிநீர்க் குழாய் உடைந்து, பிள்ளைகள் நான்கு நாட்களாகச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள். தேர்வு எழுதிய அறையின் சன்னல் வழியே பார்த்தாலே அந்தச் சேறு தெரியும். அதை எழுதியவர் ஒருவர்கூட இல்லை. மீதி ஐந்து தாள்களில் அந்தக் கேள்விக்கு விடையே இல்லை. விடைக்குறிப்பின்படி முப்பத்தேழு பேருக்கும் மதிப்பெண் போட்டேன். போட்ட பிறகு, ஐந்து ஆண்டுகளாக என் வகுப்பில் உட்கார்ந்திருந்த இந்தப் பிள்ளைகளுக்கு நான் என்னதான் கற்றுக்கொடுத்தேன் என்ற கேள்வி என்னை விடவில்லை.

ஆங்கில வகுப்பு நம் பள்ளிகளில் எப்படி நடக்கிறது என்பதைப் பள்ளிக்குப் போனவர்கள் எல்லாரும் அறிவார்கள். ஆசிரியர் பாடத்தை ஒரு வாக்கியம் படிப்பார், அதற்குத் தமிழில் பொருள் சொல்வார், அடுத்த வாக்கியத்துக்குப் போவார். பாடம் முடிந்ததும் கேள்விகளுக்கு விடைகளைக் கரும்பலகையில் எழுதிப் போடுவார், பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள், வீட்டில் மனப்பாடம் செய்வார்கள், மறுநாள் ஒப்பிப்பார்கள். இதில் படித்தவர் ஆசிரியர். எழுதியவர் கைடு போட்டவர். பிள்ளையின் கண் அச்சிட்ட ஒரு வரியின் மேல் தனியாக ஓடி, இதற்கு இதுதான் பொருளாக இருக்கும் என்று தானே ஊகித்து, அடுத்த வரியில் அந்த ஊகம் சரிதான் என்று கண்டு மகிழ்கிற அந்தக் கணம் வருவதற்கு அங்கே இடமே இல்லை. தமிழில் பொருள் சொல்வதை நான் குறை கூறவில்லை. தேவையான இடத்தில் தாய்மொழியைத் துணைக்கு அழைப்பது நல்ல ஆசிரியர் செய்யும் வேலைதான். ஒவ்வொரு வரிக்கும் பொருள் முன்கூட்டியே வந்துவிட்டால் பிள்ளை எதற்காகப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

ஆசிரியர்கள் மேல் பழி போடவும் எனக்கு மனம் வராது. தேர்வு எதைக் கேட்கிறதோ அதைத்தான் வகுப்பு கொடுக்கும். 2018–19 முதல் மேல்நிலை வகுப்புகளிலும், அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பிலும் மொழிப் பாடங்களின் இரண்டு தாள்கள் ஒன்றாக்கப்பட்டன. பிள்ளைகளின் பாரம் குறைந்தது, வரவேற்றோம். பாடப் புத்தகங்களும் அதே காலத்தில் மாறின; படங்களும் செயல்பாடுகளுமாக உண்மையிலேயே நல்ல புத்தகங்கள் வந்தன. ஆனால் மனப்பாடச் செய்யுளும், பாடத்திலிருந்து வரும் பத்தி விடையும், முன்பே தெரிந்த தலைப்பில் கடிதமும் கேள்வித்தாளில் இருக்கும்வரை கைடு போதும் என்று பிள்ளைகளும் பெற்றோரும் முடிவு செய்துவிடுகிறார்கள். தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் ஆசிரியரைக் கூப்பிட்டுக் கேட்கும் அதிகாரிகள், உங்கள் வகுப்புப் பிள்ளைகள் இந்த ஆண்டு எத்தனை கதைப் புத்தகம் படித்தார்கள் என்று என்னை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

பணியின் கடைசி ஆறு ஆண்டுகளில், தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, ஏழாம் வகுப்பில் வாரம் இரண்டு பாடவேளைகளைத் தனியாக ஒதுக்கினேன். ஒன்று படிப்பதற்கு, மற்றொன்று எழுதுவதற்கு. காரைக்குடிப் புத்தகத் திருவிழாவில் வாங்கிய முப்பது மெல்லிய கதைப் புத்தகங்களோடு தொடங்கினேன்; நேஷனல் புக் டிரஸ்டும் சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்டும் போடும் புத்தகங்கள் அப்போது ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகும் காசுக்குக் கிடைத்தன. பீரோவில் வைத்துப் பூட்டாமல், பழைய பிஸ்கட் அட்டைப் பெட்டி ஒன்றில் போட்டு வகுப்பறையிலேயே வைத்தேன். பிள்ளை தனக்குப் பிடித்ததை எடுக்கலாம். ஒரு பக்கத்தில் ஐந்து சொற்களுக்கு மேல் தெரியாமல் இருந்தால் அதை வைத்துவிட்டு வேறு எடுக்க வேண்டும். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் விடலாம். படித்த பிறகு கேள்வி கிடையாது. அந்த நாற்பது நிமிடமும் நானும் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு புத்தகம் படிப்பேன்.

முதல் மாதம் மிகவும் கடினமாக இருந்தது. பாதிப் பேர் படம் பார்த்தார்கள். சிலர் உதட்டை அசைத்து எழுத்துக் கூட்டினார்கள். ஏழாம் வகுப்பில் இருந்துகொண்டு மூன்றாம் வகுப்புப் புத்தகம் படிப்பதா என்று இரண்டு மூன்று பேர் வெட்கப்பட்டு, தடித்த புத்தகத்தை எடுத்து விரித்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். நானே ஓர் எளிய கதையை எடுத்து அவர்கள் கண்முன் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த வெட்கம் போயிற்று. தீபாவளி விடுமுறை கழிந்து வந்தபோது, மணி அடித்தும் எழுந்திருக்காமல் கடைசிப் பக்கத்தை முடிக்கப் பார்த்த ஒரு பெண்ணை அடுத்த வகுப்பு ஆசிரியர் வாசலில் நின்று கூப்பிட வேண்டியிருந்தது. ஒரே கதையை ஏழு முறை எடுத்துப் படித்த பையனும் இருந்தான். தடுக்க நினைத்து, பிறகு விட்டுவிட்டேன். ஏழாம் முறை அவன் எழுத்துக் கூட்டவில்லை. பேசுவது போலப் படித்தான்.

எழுத்து வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னால் போதும். ஆத்தங்குடியிலிருந்து வந்த ஒரு மாணவன். அவன் தந்தை அங்கே தரைக்கல் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவர். மாம்பழத்தைப் பற்றியும் பசுவைப் பற்றியும் கட்டுரை எழுதச் சொன்னால் அவன் மூன்று வரிக்கு மேல் போனதில்லை. உன் வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று எழுதச் சொன்னேன். அன்று அவன் ஒன்றரைப் பக்கம் எழுதினான். கண்ணாடிப் பலகையைத் துடைத்து அதன்மேல் பூ வடிவ அச்சை வைப்பதும், அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவதும், நிறங்கள் கலந்துவிடாமல் அச்சை மேலே தூக்குவதும், அதன்மேல் மணலும் சிமெண்டும் கலந்த கலவையைப் பரப்பி மட்டம் தட்டுவதும், காய்ந்த கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறப்போடுவதும், கடைசியில் கண்ணாடி தானாக விலகும்போது கல்லின் முகம் பளபளவென்று வருவதும் வரிசை மாறாமல் இருந்தன. அச்சுக்கு ஆங்கிலச் சொல் தெரியாமல் அந்த இடத்தில் சிறிதாகப் படம் வரைந்திருந்தான். இறந்தகாலம் ஓரிடத்திலும் சரியாக வரவில்லை. ஆனால் படித்து முடித்தபோது ஒரு தரைக்கல் எப்படி உருவாகிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. செட்டிநாட்டிலேயே பிறந்து, அந்தக் கற்கள் பதித்த வீட்டுக் கூடமான பட்டாலையில் விளையாடி வளர்ந்த எனக்கு அதுவரை அது தெரியாது.

அந்த நோட்டை என்ன செய்வது என்று நான் நெடுநேரம் யோசித்தேன். பழைய பழக்கப்படி சிவப்பு மையால் திருத்தியிருந்தால் அந்த ஒன்றரைப் பக்கத்தில் ஐம்பது அறுபது இடங்களில் கோடு விழுந்திருக்கும். அடுத்த வாரம் அவன் மறுபடி மூன்று வரிக்குத் திரும்பியிருப்பான். கீழே இரண்டு கேள்விகள் மட்டும் எழுதினேன்: கல்லை எத்தனை நாள் ஊறப்போடுவார்கள், அச்சைத் தூக்கும்போது கை நடுங்கினால் என்ன ஆகும். இரண்டு கேள்விக்கும் மறுநாளே விடை எழுதிக்கொண்டு வந்தான். அச்சுக்கு ஆங்கிலச் சொல்லைச் சொன்னேன். அதை அவன் பிறகு மறந்ததில்லை. இறந்தகாலத்தைப் பற்றி வகுப்பு முழுவதற்கும் தனியாக ஒரு பாடம் எடுத்துவிட்டு, பழைய பக்கத்தை எடுத்து அந்த ஒரு வகைப் பிழையை மட்டும் நீங்களே தேடித் திருத்துங்கள் என்றேன். அந்த ஆண்டு இறுதிக்குள் ஒரு பெண் தன் அப்பத்தா கந்தரப்பம் சுடுவதைப் பற்றியும், இன்னொருத்தி சிங்கப்பூரில் இருக்கும் தந்தை போனில் பேசும் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியும் எழுதினார்கள். எந்தக் கைடிலும் இவற்றைப் பார்த்து எழுத முடியாது.

நாற்பத்தைந்து நோட்டுகளை வாரந்தோறும் யார் பார்ப்பது என்று ஆசிரிய நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நாளுக்கு ஒன்பது நோட்டு என்று பிரித்துக்கொண்டால் வாரத்தில் ஐந்து நாளில் முடியும். திருத்தாமல் படித்து ஒரு வரி பதில் எழுத ஒரு நோட்டுக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் ஆகும். ஒரே விடையை நாற்பத்தைந்து முறை திருத்தும் சலிப்பைவிட இது எவ்வளவோ மேல் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். போர்ஷன் முடியாதே என்பது அடுத்த கேள்வி. முடிந்தது. தாமே படிக்கப் பழகிய பிள்ளைகளுக்கு வரிக்கு வரி பொருள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முன்பு எட்டு நாள் எடுத்த பாடம் ஐந்து நாளில் முடிந்தது. பிழை அப்படியே பதிந்துவிடுமே என்று இலக்கணத்தில் அக்கறையுள்ளவர்கள் கவலைப்படுகிறார்கள். நிறையப் படிக்கும் பிள்ளையின் கண்ணில் சரியான வாக்கியம் நாளொன்றுக்கு நூறு முறை படுகிறது. படிக்காமல் எழுத மட்டும் சொன்னால்தான் பிழை பதியும். ஆகவேதான் இரண்டையும் சேர்த்தே கேட்கிறேன்.

ஒரு தந்தை பள்ளிக்கே வந்து, "கதை படிக்கவா டீச்சர் பிள்ளைய அனுப்புறோம்?" என்று கேட்டார். அவர் கோபத்தில் தவறில்லை. அவருக்குத் தெரிந்த படிப்பு அதுதான். மகனைக் கூப்பிட்டு, அவன் அதுவரை பார்த்திராத ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, தந்தையின் எதிரில் படித்துத் தமிழில் கதையைச் சொல்லச் சொன்னேன். அவன் சொல்லி முடித்த பிறகு அவர் வேறொன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு ஒரு புத்தகம் கொடுத்துவிட முடியுமா என்று மட்டும் கேட்டார்.

இதெல்லாம் நான் புதிதாகக் கண்டுபிடித்ததன்று. வங்காளத்தில் டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்ற கல்வியாளர், இந்தியப் பிள்ளைகளில் பெரும்பாலோர் சில ஆண்டுகளிலேயே பள்ளியை விட்டுவிடுகிறார்கள், அதற்குள் அவர்கள் கையில் தங்கக்கூடியது படிக்கும் திறனே என்று 1920-களிலேயே வாதிட்டு, எளிய சொற்களில் வாசிப்பு நூல் வரிசையையே உருவாக்கினார். 1980-ஆம் ஆண்டு பிஜித் தீவுகளில் வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற இருவர் நடத்திய ஆய்வு இன்னும் தெளிவானது. எட்டுக் கிராமப்புறப் பள்ளிகளில், வீட்டில் ஆங்கிலம் பேசாத 4, 5-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 250 படக்கதைப் புத்தகங்கள் கொடுக்கப்பட்டன. சில வகுப்புகளில் பிள்ளைகள் தாமே அமைதியாகப் படித்தார்கள். சிலவற்றில் ஆசிரியரும் பிள்ளைகளும் சேர்ந்து படித்துப் பேசினார்கள். வேறு சில பள்ளிகளில் வழக்கமான பயிற்சிப் பாடமே தொடர்ந்தது. எட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது, புத்தகம் பெற்ற பிள்ளைகள் வாசிப்பில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் முன்னேறியிருந்தார்கள். இரண்டாம் ஆண்டில் அந்தப் பலன் எழுத்திலும் தெரிந்தது. நம் பிள்ளைகளும் அவர்களைப் போலவே வேறொரு மொழி பேசும் வீட்டிலிருந்து வருபவர்கள்தாம்.

தமிழ் வாசிப்புக்கு நம் அரசே வழி காட்டியிருக்கிறது. 2023-இல் பள்ளிக் கல்வித் துறை தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் சின்னஞ்சிறு புத்தகங்கள் வந்தன. ஒரு பிள்ளை எந்த வகுப்பில் இருந்தாலும் தன்னால் முடிந்த படியிலிருந்து ஏறலாம் என்ற அந்த எண்ணம் எனக்கு மிகவும் பிடித்தது. தமிழில் சரளமாகப் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலம் படிப்பதும் எளிதாக வருவதைக் கண்ணால் கண்டவள் என்பதால், அந்த இயக்கம் தளராமல் நடக்க வேண்டும் என்று வேண்டுகிறேன். அதே நான்கு படியில் ஆங்கிலத்திலும் புத்தகங்கள் வேண்டும். எழுதுவதற்கு ஆள் தேட வேண்டியதுகூட இல்லை. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் படிநிலை வாரியாகப் பிரித்த கதைகள் ஆங்கிலத்திலும் தமிழிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. யாரும் அச்சிட்டுக்கொள்ள உரிமமும் உண்டு. ஒரே கதையைத் தமிழில் ஒருமுறையும் ஆங்கிலத்தில் ஒருமுறையும் படிக்கும் பிள்ளைக்கு ஆசிரியர் பொருள் சொல்ல வேண்டியதே இல்லை.

கால அட்டவணையில் ஆங்கிலத்துக்கு உரிய பாடவேளைகளில் வாரம் இரண்டை வாசிப்புக்கும் எழுத்துக்கும் என்று துறையே எழுத்தில் ஒதுக்கித் தர வேண்டும். தனியொரு ஆசிரியர் தலைமையாசிரியரின் தயவில் செய்தால் அவர் மாறிப் போனதும் நின்றுவிடும். நான் ஓய்வு பெற்ற மறுவருடமே எங்கள் பள்ளியில் அந்த வகுப்பு நின்றது, புத்தகப் பெட்டி பீரோவுக்குள் போயிற்று. தேர்வில் ஒரே ஒரு கேள்வியாவது பிள்ளையின் சொந்த அனுபவத்தைக் கேட்பதாகவும், பிழை இருந்தாலும் கருத்துக்கு மதிப்பெண் தருவதாகவும் இருக்க வேண்டும். கைடில் இல்லாத கேள்வி ஆண்டுக்கு ஒன்று வந்தாலே வகுப்பறை மாறத் தொடங்கிவிடும்.

எங்கள் வட்டாரத்து மக்களிடம் கேட்க எனக்கு இன்னும் ஒன்று இருக்கிறது. என் ஐயா, அதாவது தாத்தா, பதினான்கு வயதில் ரங்கூனுக்குக் கப்பலேறி, ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது வேலை பழகும் எடுபிடியாக, சேர்ந்தவர். பள்ளியில் ஆங்கிலம் படிக்க அவருக்கு வாய்க்கவில்லை. கடைக்கு வரும் பழைய ஆங்கிலச் செய்தித்தாள்களை இரவில் விளக்கடியில் விரல் வைத்துப் படித்தும், வக்கீலிடமிருந்து வரும் கடிதங்களைப் பார்த்து வேறு தாளில் தாமே பதில் எழுதி மேலாளிடம் காட்டியும் கற்றார். அவர் ஊருக்கு எழுதிய தமிழ்க் கடிதங்களோடு அந்தப் பயிற்சித் தாள்கள் சிலவும் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டு அறையில் இன்றும் இருக்கின்றன. அந்தக் கையெழுத்து முதல் தாளிலிருந்து கடைசித் தாளுக்குள் எப்படித் தேறிவருகிறது என்பதைப் பார்த்துத்தான் நான் ஆசிரியை ஆனேன். கானாடுகாத்தானில் பிறந்த அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தையே நிறுவினார். 1947-இல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களே இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. கல்விக்குக் கொடுத்துப் பழகிய மண் இது. கல்லூரிகள் வந்துவிட்டன. கல்லூரிக்குப் போகும் முன் பிள்ளை கையில் இருக்க வேண்டிய இருபது பக்கக் கதைப் புத்தகம்தான் இன்னும் வந்து சேரவில்லை.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சென்னையிலும் குடியிருந்து, திருமணத்துக்கும், முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் மட்டும் ஊர்வந்து வீட்டைத் திறக்கும் குடும்பங்கள் எங்கள் ஊர்களில் ஏராளம். உங்கள் பிள்ளைகள் சிறு வயதில் படித்துவிட்டு வைத்த ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் அலமாரிகளில் இருக்கும். அடுத்த முறை வரும்போது அவற்றைக் கொண்டுவந்து, உங்கள் ஊர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். கலைக்களஞ்சியமும் போட்டித் தேர்வு நூலும் வேண்டாம்; அவை பீரோவுக்குள் போய்விடும். மெல்லியதாக, படத்தோடு, பெரிய எழுத்தில் இருப்பவையே வேண்டும். ஓரம் கிழிந்திருந்தாலும் குற்றமில்லை, பிள்ளைகளே ஒட்டிக்கொள்வார்கள். ஒரு வகுப்புக்கு முப்பது இருந்தால் தொடங்கலாம். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது அவை வகுப்பறைப் பெட்டியில் இருக்க வேண்டும் என்பதற்காக இப்போதே கேட்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை,
காரைக்குடி.